திருமறையின் சொல்லும் சூழலும்



திருக்குர்ஆனின் தமிழாக்கம் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கின்றது. அலமாரியில் நூலாக இல்லாவிடினும் கைப்பேசியிலேனும் இருக்கின்றது. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறும் இளைஞர் ஒருவர், எழும்பூரில் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயத்தின் பொருளைத் தமிழில் படித்து முடித்துவிடலாம். நம் பாட்டனார் காலத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாத பெரும்பேறு இது. அல்லாஹுத் தஆலாவுக்கே புகழனைத்தும்!

எனினும், இப்பேற்றுடன் கூடவே ஒரு தீங்கும் வளர்ந்து வருவதைக் காண்கின்றோம். ஒரு வசனத்தை முன்னும் பின்னும் நோக்காமல் தனியே கத்தரித்தெடுத்து, அதன் தமிழ்ச் சொற்களை மட்டும் கையிற்கொண்டு, "இது ஆகும், இது ஆகாது" என்று தீர்ப்பு வழங்கும் போக்கே அது. அந்தச் சொல் அருளப்பட்ட மொழியில் என்ன பொருள் தந்தது, அந்த வசனம் எந்த வேளையில், எவரைக் குறித்து இறங்கிற்று என்னும் இரு வினாக்களையும் எழுப்பாமல் வழங்கப்படும் தீர்ப்பு, எத்துணை நல்லெண்ணத்துடன் வழங்கப்பட்டாலும் தவறாக முடியக் கூடும்.

அரபு மொழியைத் தாய்ப்பாலுடன் பருகியவர்களுக்கே இத்தகைய தடுமாற்றம் நேர்ந்ததுண்டு. அதிய்யு பின் ஹாதிம் (ரலி) அவர்கள் கொடைக்குப் பெயர் பெற்ற ஹாதிம் தாயியின் மைந்தர். தை குலத்தின் தலைவர். நோன்பு நாள்களில் கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகும் வரை உண்ணலாம், பருகலாம் என்னும் கருத்துடைய வசனத்தை (2:187) அவர்கள் செவியுற்றபோது, கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரு கயிறுகளை எடுத்துத் தலையணையின்கீழ் வைத்துக்கொண்டார்கள். இரவெல்லாம் பார்த்தும் அவருக்கு வேறுபாடு புலப்படவில்லை. காலையில் அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டபோது, அது இரவின் இருளையும் பகலின் வெளிச்சத்தையுமே குறிக்கின்றது என்று நபியவர்கள் விளக்கினார்கள். வேறு சிலர் தம் கால்களில் இரு நூல்களைக் கட்டிக்கொண்டு விடியலை எதிர்பார்த்திருந்ததாகவும் நபிமொழித் தொகுப்பு கூறுகின்றது.

சொல் தெரிந்திருந்தும் சொல்லின் குறிப்புத் தெரியாமற்போனால் நேரும் நிலை இது. அரபியர் தலைவருக்கே இவ்வாறெனில், பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், வேற்று மொழியில், ஒரு கைப்பேசித் திரையில் படிக்கும் நாம் எத்துணை நிதானத்துடன் இருக்க வேண்டும் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அரபுச் சொற்கள் வேரிலிருந்து கிளைப்பவை. 'காஃபிர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டவுடன் பிற சமயத்தவரைக் குறிக்கும் இழிசொல்லென்றே பலரும் கருதுகின்றனர். வசைச்சொல்லாக அதை வீசுவோரும் உளர். ஆனால் அதன் வேரின் பொருளோ 'மூடுதல், மறைத்தல்' என்பதாகும். அதனாலேயே இவ்வுலக வாழ்வை மழையால் செழித்துப் பின்னர் சருகாகும் பயிருக்கு ஒப்பிடும் வசனத்தில் (57:20), அப்பயிரைக் கண்டு மகிழும் உழவரைக் குறிக்கவும் 'குஃப்ஃபார்' என்னும் பன்மைச் சொல்லே வந்துள்ளது என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். விதையை மண்ணால் மூடுபவர் ஆதலால் உழவருக்கு அப்பெயர். உண்மையை அறிந்தும் அதை மூடி மறைப்பவருக்கும், பெற்ற நன்றியை மறைப்பவருக்கும் அதே வேரிலிருந்து பெயர் அமைந்தது. வேரை அறிந்தவர் அச்சொல்லை அண்டை வீட்டார்மீது எறியத் துணிய மாட்டார். தம் நெஞ்சுக்குள் எந்த உண்மையைத் தாமே மூடி வைத்திருக்கின்றோம் என்றே முதலில் தேடுவார்.

திருமறை விரிவுரையாளர்களின் தலைவர் எனப் போற்றப்படும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பணிவு நமக்குப் பெரும் பாடம். 'ஃபாத்திர்' என்னும் இறைப்பெயரின் நுட்பம் தமக்கு விளங்காதிருந்ததென்றும், ஒரு கிணற்றைக் குறித்து வழக்காடி வந்த நாட்டுப்புற அரபியர் இருவருள் ஒருவர், "இதை முதன்முதலில் தோண்டத் தொடங்கியவன் நானே" என்னும் கருத்தில் அவ்வேர்ச்சொல்லை வழங்கியபோதே, முன்மாதிரியின்றித் தொடங்கிப் படைப்பவன் என்னும் பொருள் தெளிவாயிற்றென்றும் அவர்கள் கூறியதாக விரிவுரை நூல்கள் எடுத்துரைக்கின்றன. நபிகள் நாயகத்தின் சிறிய தந்தையாரின் மைந்தரே கிணற்றடி வழக்கிலிருந்து பாடம் பெற்றார்கள் என்றால், கேட்டறிவதில் நமக்கு என்ன நாணம்?

மொழியறிவுடன் வரலாற்றறிவும் இன்றியமையாதது. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே வலம் வருவதில் குற்றமில்லை என்று ஒரு வசனம் (2:158) கூறுகின்றது. 'குற்றமில்லை என்றால், செய்யாமல் விட்டாலும் பாதகமில்லை என்றுதானே பொருள்?' என்று உர்வா (ரஹ்) அவர்கள் தம் சிறிய அன்னையாரான ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். அன்னையார் அதை மறுத்தார்கள். இஸ்லாத்திற்கு முன்னர் மனாத் என்னும் சிலைக்காகப் புனிதயாத்திரை மேற்கொண்ட மதீனத்து அன்சாரிகள், ஸஃபா மர்வாவுக்கிடையே செல்லத் தயங்கினார்கள் என்றும், அத்தயக்கத்தை நீக்கவே 'குற்றமில்லை' என்னும் சொல் வந்தது என்றும் விளக்கினார்கள். சூழலை அறியாதிருந்தால் ஹஜ்ஜின் ஒரு கிரியையே விருப்பம்போல் விட்டுவிடக் கூடியதாகத் தோன்றியிருக்கும். இப்பாடத்தைப் புகட்டியவர் ஒரு பெண்மணி என்பதை நம் இல்லத்துச் சகோதரிகள் நினைவிற் கொள்வார்களாக!

இனி, நம் அன்றாட வாழ்வைத் தொடும் ஒரு வசனத்திற்கு வருவோம். யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் 'அவ்லியா'வாக ஆக்கிக்கொள்ள வேண்டா என்னும் கருத்துடையது அது (5:51). தமிழாக்கங்கள் பலவற்றில் இச்சொல் 'நண்பர்கள்' என்றோ 'உற்ற நண்பர்கள்' என்றோ பெயர்க்கப்பட்டுள்ளது. இதைப் படித்த இளைஞர் சிலர், பிற சமயத்தவர் எவருடனும் நட்புக் கூடாது என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் வட்டாரத்தை நோக்குங்கள். பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய பகுதி இது. ஒரே மதிற்சுவருக்கு இப்பக்கம் ஒரு முஸ்லிம் இல்லம். அப்பக்கம் ஓர் இந்து இல்லம். எதிரே ஒரு கிறிஸ்தவ இல்லம். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் தட்டப்படும் கதவு உறவினர் வீட்டுக் கதவன்று, அண்டை வீட்டுக் கதவே. அத்தகைய அண்டை வீட்டாரின் திருமணத்திற்குச் செல்லலாகாது, அவர்களிடம் முகங்கொடுத்துப் பேசலாகாது என்று மகன் தாயைத் தடுப்பானாயின், ஒரு சொல்லின் பொருளை அறியாமையால் ஒரு தெருவின் அமைதியே குலைகின்றது.

'வலீ' என்னும் சொல்லுக்குப் பாதுகாவலர், பொறுப்பேற்பவர், போர்க்கால உடன்படிக்கையால் ஒருவரையொருவர் தாங்குபவர் எனப் பல பொருள்கள் உள. மணப்பெண்ணின் பொறுப்பாளரை நாம் 'வலீ' என்றுதானே வழங்குகின்றோம்? அவரை எவரேனும் 'மணப்பெண்ணின் நண்பர்' என்று பெயர்ப்பாரா? மதீனாவில் குலங்களுக்கிடையே போரும் ஒப்பந்தங்களும் நிலவிய வேளையில், பகை கொண்ட தரப்பாருடன் இருந்த பழைய உடன்படிக்கையை உபாதா பின் ஸாமித் (ரலி) அவர்கள் துறந்ததையும், நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அதைத் துறக்க மறுத்ததையும் இவ்வசனத்தின் பின்னணியாக விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

திருமறையே இதற்கு விளக்கமும் தருகின்றது. மார்க்கத்திற்காக உங்களுடன் போரிடாதவர்களுக்கும், உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதியுடன் நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்கின்றது ஒரு வசனம் (60:8). அடுத்த வசனத்தில் (60:9), போரிட்டோரையும் வெளியேற்றியோரையும் சார்ந்து நிற்பதே தடுக்கப்படுகின்றது; அங்கும் 'வலீ' என்பதன் வேர்ச்சொல்லே வந்துள்ளது. மேலும், தடை வந்த அதே அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், வேதம் வழங்கப்பட்டோரின் உணவையும், அவர்களுள் கற்புள்ள பெண்களை மணமுடிப்பதையும் அனுமதிக்கின்றது. மனைவியாக ஏற்கலாம், ஆனால் அன்பு பாராட்டக் கூடாது என்று அருளாளன் கூறுவானா?

இஸ்லாத்தைத் தழுவாதிருந்த தம் தாயார் தம்மை நாடி வந்தபோது என் செய்வது என்று அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் வினவியதும், தாயுடன் உறவு பேணுமாறு நபியவர்கள் பணித்ததும் புகாரியில் காணப்படுகின்றன. ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கு ஆபத்துச் சூழ்ந்த அப்பயணத்தில், பாலைவன வழி காட்ட அண்ணலார் அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அன்று முஸ்லிம் அல்லர். நம்பிக்கைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இங்கே மற்றொரு பக்கத்தையும் கூறியாக வேண்டும். 'அது அக்காலத்திற்கு, இது இக்காலம்' என்று கூறி, வசனங்களையே பழங்கதையாக ஒதுக்குவோரும் உளர். வரலாற்றறிவு அதற்குரிய கருவியன்று. வசனம் இறங்கிய காரணம் தனிப்பட்டதாயினும், சொல் பொதுவாக அமைந்திருப்பின் சட்டமும் பொதுவானதே என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் விதி. கவ்லா (ரலி) என்னும் பெண்மணி தம் கணவரைக் குறித்து முறையிட்டபோது இறங்கிய வசனங்கள் (58:1-4) அவ்வொரு குடும்பத்துடன் முடிந்துவிடவில்லை. பெண்ணினம் முழுமைக்கும் நீதி வழங்கின. வசனத்தைச் சரியாகப் பொருத்தவே சூழல் நமக்கு உதவுகின்றது.

இக்கலைக்காகவே நம் முன்னோர் வாழ்நாளைச் செலவிட்டனர். ஹிஜ்ரி 468இல் மறைந்த வாஹிதி (ரஹ்) அவர்கள், வசனங்கள் இறங்கிய காரணங்களைத் தனி நூலாகத் தொகுத்தார்கள். ராகிப் இஸ்ஃபஹானி (ரஹ்) அவர்கள் திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்டார்கள். நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் 'ஜலாலைன்' விரிவுரையை, ஆசிரியர் தொடங்கி மறைந்தபின் மாணவரான ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் நிறைவு செய்தார்கள்.

தமிழகத்திலும் இப்பணி நடந்தேறியது. அரபு எழுத்துகளுடன் ழகர, ளகர, ணகர ஒலிகளுக்கெனப் புதிய குறிகளைச் சேர்த்து 'அரபுத்தமிழ்' என்னும் எழுத்துமுறையை நம் முன்னோர் கண்டனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழ்ந்த ஆலிம்கள் அதில் மார்க்க நூல்களை யாத்தனர். திருமறையை வேற்று மொழியில் பெயர்ப்பது தகுமா என்னும் வாதம் முஸ்லிம் உலகெங்கும் எழுந்திருந்த காலத்தில், வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதித் தேர்ந்த மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் தமிழாக்கத்தில் இறங்கினார்கள். அதன் முதற்பகுதி 1929இல் வெளிவந்தது. முழுநூலும் நிறைவுற மேலும் பல்லாண்டுகள் பிடித்தன. நாம் நொடிப்பொழுதில் திறக்கும் பக்கங்களுக்குப் பின்னால் அத்துணை உழைப்பு இருக்கின்றது.

தமிழாக்கங்களில் அடைப்புக்குறிக்குள் சில சொற்களைக் காண்கின்றோம். மூலத்தின் சுருக்கத்தைத் தமிழில் விளக்க மொழிபெயர்ப்பாளர் சேர்த்தவை அவை. அவற்றை இறைவாக்கு என்று கொள்வதும் பிழை. அடிக்குறிப்புகளை நீக்கிவிட்டு ஒற்றை வரியை மட்டும் ஊரெங்கும் அனுப்புவதும் பிழை.

பிறர் வேதங்களுக்கும் இந்நீதி பொருந்தும். யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்திற்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபியவர்கள் பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள். பிறர் கூறுவதை அவர்தம் மொழியிலேயே அறிவது நபிவழி. தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டளவில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு பாதிரியாரும் கிரேக்க மூலத்தை நாடியே சென்றார். நம் மறையின் ஒரு வரியைத் துண்டித்து நம்மைத் தூற்றுவோரைக் கண்டு வருந்தும் நாம், பிறர் வேதத்தின் ஒரு வரியைத் துண்டித்து அவர்களைத் தூற்றலாகாது.

இனிச் செய்ய வேண்டுவது யாது? தமிழாக்கம் படிப்பதை நிறுத்துங்கள் என்று கூற மாட்டேன். தொடர்ந்து படியுங்கள், ஆனால் தீர்ப்பளிக்கு முன் முன்னும் பின்னும் பத்து வசனங்களைப் படியுங்கள். இரண்டு மூன்று தமிழாக்கங்களை ஒப்பிடுங்கள். சொல் மாறுபட்டால், அங்கே கேட்டறிய ஒன்று உண்டு என்று உணருங்கள்.

ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். "உனக்கு அரபு தெரியாது, பேசாதே" என்று வினவுவோரின் வாயை அடைப்பது அறிவுடைமையாகாது. மஹல்லாதோறும் வாரத்திற்கு ஒரு நாள், இஷாத் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம், ஆண்களுக்கும் திரைமறைவில் பெண்களுக்குமாகத் திருமறைச் சொல் வகுப்பு நடத்தலாகாதா? திருக்குர்ஆனில் ஏறத்தாழ 77,000 சொற்கள் உள்ளன. ஆயின் அவற்றின் வேர்களோ 2,000க்கும் குறைவே. வாரம் ஐந்து வேர்களைக் கற்றாலும் சில ஆண்டுகளில் ஒரு தலைமுறையே தெளிவு பெறும். நாள்தோறும் தொழுகையில் நாம் ஓதும் அல்ஹம்து சூராவிலிருந்தே தொடங்கலாம்.

என் இறைவா! எனக்குக் கல்வியைப் பெருக்குவாயாக என்று இறைஞ்சுமாறு தன் தூதருக்கே கற்பித்தவன் அல்லாஹ். அவனுடைய மறையை அதன் சொல்லுக்கும் சூழலுக்கும் உரிய மதிப்பளித்து விளங்கிக்கொள்ளவும், விளங்கியபடி அண்டை அயலாருடன் நீதியாகவும் அன்பாகவும் வாழவும் அவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.