பயணிக்கும் ஒரு ஊர் வேண்டும்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் 1994-ல் உருவாக்கிய ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன்’ என்ற கணினி விளையாட்டு இன்னும் உயிரோடு இருப்பதற்கு அதன் ரசிகர்களே காரணம். ஸ்வீடன் நிரலாளர் லூத்விக் ஸ்ட்ரிகியஸ் அதன் ‘டீலக்ஸ்’ பதிப்பை அக்கு அக்காகப் பிரித்து ஆராய்ந்து, 2004-ல் ‘ஓப்பன் டிடிடி’ என்ற பெயரில் புதிதாக எழுதி வெளியிட்டார். அன்று முதல் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை மெருகேற்றி வருகிறார்கள். பைசா செலவில்லை. பழைய கணினியிலும் ஓடும். தமிழாக்கக் கோப்புகூட உண்டு. பஸ், லாரி, கப்பல், விமானம் எல்லாம் இதில் இருந்தாலும், ஆட உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாமல் செய்வது ரயில்தான்.

அதிலும் சிக்னல். இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒற்றைப் பாதை போட்டு ஒரு ரயிலை விடுவதில் சிரமமே இல்லை. ரயில்கள் பெருகும்போதுதான் வேலை தொடங்குகிறது. சிக்னல்கள் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கின்றன. பொதுவாக ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் நுழையலாம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒதுங்க இடமில்லாமல் முகம் பார்த்து நின்றுவிட்டால் அத்தனையும் நின்றுபோகும். உடனே லூப் லைன் போட வேண்டும். ஜங்ஷன் வந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஜங்ஷனைத் தாண்டியதும் இரண்டு பெட்டி நீளத்திலேயே ஒரு சிக்னலை நட்டுவிட்டால், அங்கே நிற்கும் சரக்கு ரயிலின் பின்பெட்டிகள் ஜங்ஷனின் மேலேயே கிடக்கும். பின்னால் நிலக்கரி ரயில், தபால் ரயில், பயணிகள் ரயில் என்று வரிசை நீளும். தவறான இடத்தில் நட்ட ஒரே ஒரு சிக்னலால் நாலு திசையும் முடங்கிவிடும். ஜங்ஷனுக்கு முன்னால் காத்திருக்க வேண்டும், அதைத் தாண்டிய பிறகு முழு ரயிலும் அடங்கும் நீளம் இருக்க வேண்டும் என்ற பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நெரிசலே கற்றுக்கொடுத்துவிடும். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அவுட்டரில் ரயிலை ஏன் நிறுத்துகிறார்கள் என்பது இதை ஆடியவருக்கு எளிதில் புரியும்.

சரக்குக் கணக்கும் நேர்த்தியானது. நிலக்கரி தாமதமானால் வருமானம் மெல்லத்தான் குறையும். பயணிகள் தாமதமானால் மளமளவென்று சரியும். ரயில் அடிக்கடி வராத சுரங்கத்தில் ஏற்றுவதற்குக் கிடைக்கும் சரக்கும் குறைந்துவிடும்.

இத்தனை அக்கறையோடு தண்டவாளத்தைக் கவனித்த விளையாட்டு, பயணியைக் கைவிட்டுவிட்டது. வழக்கமான அமைப்பில் இங்கே எந்தப் பயணிக்கும் போக வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. ரயில் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே இறங்கிவிடுவார். கட்டணம் தூரத்தை வைத்தே ஏறுவதால், பக்கத்து ஊர்களை இணைப்பவருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஆட்களை அள்ளிச் செல்பவர் பணக்காரர் ஆகிறார். புறநகர் ரயில் ஒரு நகரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியவே தெரியாது.

நேரமும் அப்படித்தான். விளையாட்டில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய இரண்டு விநாடி; ஓர் ஆண்டு சுமார் 12 நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஊருக்குப் போய்ச் சேர ரயிலுக்கு வாரக்கணக்கில் ஆகும். காலை நேரக் கூட்டமும் இல்லை, கடைசி வண்டியும் இல்லை. 2024-ல் வந்த 14-ம் பதிப்பு, ஆண்டு நகரும் வேகத்தைத் தனியே மாற்றிக்கொள்ள வழிசெய்து இந்தக் குறையை ஓரளவு குறைத்திருக்கிறது.

மனதை உறுத்துவது நிலம். பாதைக்குக் குறுக்கே வீடு இருந்தால் இடித்துவிடலாம். நகர நிர்வாகம் கோபித்துக்கொண்டு புதிய ஸ்டேஷனுக்கு அனுமதி மறுக்கும். ஊரைச் சுற்றி மரம் நட்டால் கோபம் தணிந்துவிடும். வீடு இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. பாதையைப் பராமரிக்கும் கேங்மேன், வண்டி ஓட்டுபவர், ஸ்டேஷன் மாஸ்டர் என ஒருவரும் கண்ணில் படுவதில்லை.

விளையாட்டில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். ஒரு சிக்னல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கே இவ்வளவு மெனக்கெட்ட விளையாட்டிடம் தாராளமாக எதிர்பார்க்கலாம். பயணி விஷயத்தில் மாற்றுவழியும் தயாராகவே இருக்கிறது. ஒவ்வொரு பயணிக்கும் போகும் ஊரை நிர்ணயிக்கும் ‘பயணிகள் பகிர்வு’ வசதி 2014-லேயே, 1.4 பதிப்பில், சேர்க்கப்பட்டுவிட்டது. அதை இயக்கினால் ஆட்டமே மாறிவிடும். இணைப்பு ரயிலுக்காக மக்கள் ஜங்ஷனில் காத்திருப்பார்கள். சின்ன ஊருக்கும் வண்டி தேவைப்படும். நெரிசலான தடத்தில் கூடுதல் ரயில் விட்டே ஆக வேண்டும்.

ஆனால் அந்த வசதி அமைப்புப் பட்டியலுக்குள் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஆட வருபவர்களில் பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். தன்னார்வலர்கள் அதை எல்லோருக்கும் முதலிலேயே இயங்கும்படி மாற்ற வேண்டும். அதுவரை, புதிய ஆட்டம் தொடங்குபவர்கள் முதல் தண்டவாளத்தைப் போடுவதற்கு முன் அமைப்புகளைத் திறந்து, பயணிகள் பகிர்வை இயக்கிவிட்டு ஆடுங்கள்.