ஸ்டோமா பையோடு கோயிலுக்கு வரலாமா? வாங்க, தாராளமா வாங்க

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, வீட்டில் இருக்கும் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

போன மாதம் அன்னதானம் முடிந்த நேரத்தில் ஒரு பெண் எங்கள் தொண்டூழியர்களைத் தனியாக அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய அம்மாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். வெட்டிய பிறகு வயிற்றில் ஒரு பை வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாராம். "அதைக் கட்டிக்கிட்டு நான் எப்படி சாமி முன்னால நிக்கிறது? தீட்டு இல்லையா? அப்படி ஒரு உயிர் எனக்கு வேணாம்."

எங்கள் குழு இதைப் பற்றிப் பேசி முடிவுக்கு வந்ததைச் சொல்கிறோம். பையோடு கோயிலுக்கு வரலாம். கொடிமரம் தாண்டி உள்ளே வந்து, எல்லாரையும்போல நின்று, தீபாராதனை பார்த்து, திருநீறு வாங்கிக்கொள்ளலாம். அதற்காக ஆபரேஷனை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு முதலில் அந்தப் பை என்ன என்று சொல்ல வேண்டும். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு, சில நேரம் மீதிக் குடலை உடனே இணைக்க முடியாது. இணைத்தாலும் தையல் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக் கூடாது. அப்போது குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். அந்த வாய்க்குப் பெயர் ஸ்டோமா. உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் அடக்கி வைக்கும் தசை அங்கே இல்லாததால், மேலே ஒரு பை ஒட்டியிருக்க வேண்டும்.

எல்லாக் குடல் ஆபரேஷனுக்கும் பை கிடையாது. பெருங்குடலின் மேல்பகுதியில் கட்டி இருந்தால் பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு அங்கேயே இணைத்துவிடுவார்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதி என்றால்தான் பை வரும் வாய்ப்பு அதிகம். அதிலும் பலருக்கு அது தற்காலிகம்தான். சில மாதம் கழித்து இன்னொரு சிறிய ஆபரேஷனில் மூடிவிடுவார்கள். ஆசனவாயையே எடுக்க வேண்டியவர்களுக்கு நிரந்தரம். புற்றுநோய் இல்லாமல், குடல் அடைப்பு, குடலில் ஓட்டை, விபத்து என்று வேறு காரணங்களாலும் பை வைக்க நேரும். அதனால் பையைப் பார்த்ததும் "ஐயோ புற்றுநோயா" என்று வாயைத் திறக்காதீங்க.

இப்போது தீட்டு விஷயத்துக்கு வருவோம். கோயிலுக்குள் வரும் நம்ம ஒவ்வொருவர் வயிற்றிலும் அதே மலம் இருக்கத்தான் செய்கிறது. நமக்கு அது தோலுக்கு உள்ளே, அவர்களுக்கு அது மூடிய பைக்குள்ளே. நன்றாக ஒட்டிய பை கசியாது, நாற்றம் வராது. நிறைய பைகளில் காற்றின் வாடையை இழுத்துக்கொள்ள கரி வடிகட்டி இருக்கிறது. பக்கத்தில் நின்று தேவாரம் பாடினாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. எங்கள் குருக்களிடமும் கேட்டோம். "பையைக் காலி பண்ணிட்டு, கை கால் அலம்பிட்டு வரச் சொல்லுங்க. வேற என்ன?" என்றார்.

இன்னொன்றும் நினைவுபடுத்துகிறோம். நம்ம நாயன்மார்களில் வயிற்று நோயோடு கோயிலுக்கு வந்தவர் அப்பர் சுவாமிகள். சூலை நோய் தாங்க முடியாமல் துடித்துக்கொண்டு, தங்கியிருந்த மடத்தை விட்டு, இரவோடு இரவாக அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. திலகவதியாரும் தொண்டூழியர்தான். கோயிலைப் பெருக்கி, மெழுகி, மாலை கட்டியவர். அவர் தம்பியிடம் "குணமானதும் வா" என்று சொல்லவில்லை. திருநீறு கொடுத்து, விடியும் முன் கோயிலுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்களும் அந்த அம்மா செய்த தொண்டைத்தான் செய்கிறோம். நோயோடு வருகிறவரை வாசலில் நிறுத்த எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

"அப்பருக்கு சாமியே தீர்த்து வைத்தாரே, நமக்கு எதுக்குக் கத்தி?" என்று சிலர் கேட்பார்கள். நேர்த்திக்கடன் வையுங்க, அர்ச்சனை பண்ணுங்க, டாக்டர் கையும் நல்லபடியா வேலை செய்யணும்னு வேண்டிக்குங்க. ஆனா தேதியை விட்டுவிடாதீங்க. ஆடி முடியட்டும், பூசம் முடியட்டும், நாட்டு மருந்து ஒரு மூன்று மாதம் பார்ப்போம் என்று போவதில்தான் ஆபத்து. சுகாதார அமைச்சு 2018ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்தவர்களில் நாலில் மூன்று பேர் அளவுக்கு ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். நாலாவது கட்டத்தில் கண்டுபிடித்தவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நம்ம நாட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மூன்றாம், நாலாம் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள். வெட்கம் அதற்கு ஒரு காரணம். அந்த வெட்கத்தைக் கோயில் இன்னும் வளர்க்கக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து.

அதற்கு ஆலயங்கள் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நிர்வாகத்தினர் இதைப் படித்தால், தயவுசெய்து இவற்றைக் கவனியுங்கள்.

ஓ.கே.யு கழிப்பறையைப் பூட்டி வைக்காதீங்க. அதற்குள்ளே மடக்கு நாற்காலி, பந்தல் துணி எல்லாம் அடுக்கி வைப்பதை நிறுத்துங்க. பை மாற்றுகிறவருக்கு உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய், பொருள் வைக்க ஒரு சின்னத் தட்டு, துணி மாட்ட ஒரு கொக்கி, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருந்தால் போதும்.

உபயக்காரர் சட்டையைக் கழற்றித்தான் சங்கல்பத்துக்கு உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீங்க. துண்டைப் போர்த்திக்கொள்ளட்டும். காரணம் கேட்க வேண்டாம்.

விசேஷ நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கூட்டத்தில் தள்ளாதீங்க. கழிப்பறைக்குப் பக்கமாக நாலு நாற்காலி போடுங்க.

இனி, பையோடு இருக்கும் பக்தர்களுக்கு. கோயிலுக்குக் கிளம்பும் முன் பையைக் காலி செய்யுங்க. மாற்றுப் பை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வேட்டி, சேலை முடிச்சு ஸ்டோமா மேல் அழுத்தாமல் மேலேயோ கீழேயோ கட்டுங்க. கனமான காவடி, அங்கப்பிரதட்சணம் வேண்டாம். ஸ்டோமா பக்கத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் வர வாய்ப்பு உண்டு. பத்துமலையின் 272 படியும் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். சிறுகுடலில் ஸ்டோமா உள்ளவர்களுக்கு உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கவே கூடாது. ஆபரேஷன் ஆன புதிதில் கடலைச் சுண்டலும் தேங்காய்ச் சில்லும் அடைத்துக்கொள்ளலாம். அந்தச் சில வாரம் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரப்பிள்ளைக்குக் கொடுங்க, சாமி கோவிச்சுக்க மாட்டார். சந்தேகம் வந்தால் கோயிலில் கேட்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் ஸ்டோமா பார்க்கும் தாதியிடம் கேளுங்க.

கடைசியாக, நோய் எதுவும் இல்லை என்று நினைக்கும் மற்ற எல்லாருக்கும். 50 முதல் 75 வயதுக்குள் இருந்தால், அரசாங்க கிளினிக் கேசிஹாத்தானில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. வலியே கிடையாது, வீட்டிலிருந்து கொஞ்சம் மலம் எடுத்துக்கொண்டு போனால் போதும். ரத்தம் தெரிந்தால் கேமரா வைத்துக் குடலைப் பார்ப்பார்கள். கட்டியாக மாறும் முன்னே சதை வளர்ச்சியை அங்கேயே எடுத்துவிட முடியும், பல நேரம் வயிற்றைத் திறக்கவே தேவைப்படாது. மலத்தில் ரத்தம் பட்டாலோ, மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மூலம்தான் என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க. வயது எதுவானாலும் உடனே டாக்டரைப் பாருங்க.

எங்கள் கோயிலில் ஓ.கே.யு கழிப்பறைச் சாவி இனி அலுவலக மேசையில் தொங்காது, கதவு திறந்தே இருக்கும். யாராவது பையோடு வருகிறீர்கள், துணைக்கு ஒருவர் வேண்டும் என்றால், அர்ச்சனைச் சீட்டு கவுன்டரில் எங்கள் தொண்டூழியர் சகோதரியிடம் "தனியா பேசணும்" என்று மட்டும் சொல்லுங்க. மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இதைப் புலனத்தில் உங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்புங்க. ஆபரேஷனுக்குத் தயங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்ணில் இது பட்டால் போதும்.

சிவாய நம.
ஆலயத் தொண்டூழியர் குழு