ஏரிக்குத் தொழிற்சங்கம் இல்லை

2023 மார்ச் 20-ல் பட்ஜெட்டோடு தொடங்கிய தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடர் ஏப்ரல் 21-ல் முடிந்தது. கடைசி நாளில் நிறைவேறிய ஒரு மசோதாவை, அடுத்த பத்தாம் நாளே திரும்பப் பெறுவதாக மே தினப் பூங்காவில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால், அது பேரவையைத் தாண்டியது எப்படி?

தொழிற்சாலைகள் திருத்த மசோதா ஏப்ரல் 12-ல் அறிமுகமானது. ஒரு நாள் வேலை 12 மணி நேரம் வரை நீள வழிசெய்யும் அதை எதிர்த்துக் காங்கிரசும் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் மதிமுகவும் வெளிநடப்புச் செய்தன. எல்லாம் அப்போது ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகள். ஏப்ரல் 21-ல் குரல் வாக்கெடுப்பில் கதை முடிந்தது. 1923-ல் சிங்காரவேலர் இதே சென்னையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறாண்டு நிறைய அன்று பத்து நாள்தான் பாக்கி.

‘வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு’ என்றது அரசு. வடசென்னையின் எர்ணாவூரிலிருந்து மணலிக்கும் திருவொற்றியூருக்கும் ஷிப்ட் போகும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். வேலைக்குப் போகாத நாளில் அவருக்குக் கூலி கிடையாது. மூன்று நாள் லீவில் அவர் இன்னொரு காண்டிராக்டரிடம்தான் நிற்பார். ஒன்பது மணி நேரம் தாண்டினால் இரட்டைக் கூலி கேட்க அன்றைய சட்டம் இடம் தந்தது. ஷிப்டே 12 மணி என்றானால் ஓ.டி. எங்கிருந்து வரும்? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி வீடு சேரும் நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

தொழிற்சங்கங்கள் கொதித்தன, மசோதா போனது. அதே ஏப்ரல் 21-ல், அறிமுகமான அன்றே விவாதமில்லாமல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா மட்டும் அப்படியே நின்றது. 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பெருந்திட்டம் கொண்டுவருகிறவர், நடுவே ஏரியோ ஓடையோ இருந்தால் அந்த அரசு நிலத்தையும் திட்டத்தோடு சேர்த்துக் கேட்கலாம். நிபுணர் குழு உண்டு, மக்கள் கருத்துக் கேட்பு உண்டு என்று பதில் வரும். கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996-ல் ஒப்புதலான கடலோர வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிந்தைய வரைபடத்தில் காணாமல் போனதைப் பார்த்த ஊர் இது. கொசஸ்தலை ஆற்றில் வலை வீசினால் இறாலுக்கு முன்னால் அனல்மின் நிலையச் சாம்பல்தான் கையில் ஒட்டுகிறது.

இந்தக் கூட்டத்தொடரில் நல்லது நடக்காமல் இல்லை. மகளிர் உரிமைத்தொகைக்கு 7,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இணையச் சூதாட்டத் தடை மசோதாவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும், மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று ஏப்ரல் 10-ல் தீர்மானம் போட்டதும் பேரவையின் மானத்தைக் காத்த செயல்கள். ஆளுநர் மசோதாக்கள்மீது மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டார் என்ற புகார் முற்றிலும் நியாயமானது. அப்படிக் கேட்கிற சபை, தான் ஒரு மசோதாவைப் படிக்க ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த நியாயம் இளைத்துப்போகிறது. ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதிய கட்சிக்கு, கடைசி நாளில் மசோதாக்களை மொத்தமாகத் தள்ளிவிட என்ன அவசரம்?

நில ஒருங்கிணைப்பு மசோதாவையும் அரசு திரும்பப் பெற்றிருக்க வேண்டும். தேவை என்று கருதியிருந்தால் அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் கொண்டுவந்து, எதிர்க்கட்சிகளும் இருக்கும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். அந்தக் குழு கோட்டையிலேயே உட்கார்ந்திராமல் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து, படகு வைத்திருப்பவர்களையும் கையால் இறால் தடவுகிறவர்களையும் கேட்டுவிட்டு அறிக்கை எழுதியிருக்கலாம்.