‘வேண்டாம்’ என்று சொன்ன எண்
கடைகளில் பில் போடும்போது மொபைல் எண் கேட்பது வழக்கமாகிவிட்டது. எண் தராவிட்டால் பொருள் இல்லை என்று சொல்லக் கூடாது என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியும், வரிசையில் நிற்பவர்கள் பழக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு விளம்பரச் செய்திகளைத் தடுக்கக் கோரும் 1909 என்ற எண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று செய்தி அனுப்புகிறார்கள். 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த, விளம்பர அழைப்பு வேண்டாதவர்களின் பட்டியல் முறையில், அவர்களைத் தவிர்ப்பது அழைப்பவரின் பொறுப்பாக இருந்தது. டிராயின் 2018 விதிமுறை அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது: வாடிக்கையாளரின் விருப்பமும் சம்மதமும் பிளாக்செயின் பேரேட்டில் பதிவாகும், ஒவ்வொரு வணிகச் செய்தியையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மென்பொருள் சலித்து, பொருந்தாததை நிறுத்தும். 2021 மார்ச் 8 அன்று அந்தச் சல்லடையை முழுதாக இயக்கியதும் நாடெங்கும் ஓடிபி வராமல் மக்கள் தவித்தார்கள். மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. பழி தொழில்நுட்பத்தின்மேல் விழுந்தது சரியல்ல. அவகாசம் இருந்தும் செய்தி மாதிரிகளைப் பதிவு செய்யாத நிறுவனங்களே முதல் காரணம். ஆனால் இந்தச் சல்லடை குறுஞ்செய்தியைத்தான் தடுக்கும். கடையின் கணினியில் தங்கிவிட்ட எண்ணை அது தொடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அப்படித் திரும்பப் பெற்றால், கடையின் சார்பில் தரவைக் கையாளும் நிறுவனங்களும் அதைக் கையாள்வதை நிறுத்தியாக வேண்டும். ஆகவே கடை, தலைமையகம், விளம்பர ஏஜென்சி என நகல் போன இடமெல்லாம் அந்த எண்ணைத் தேடி அழிக்கும் மென்பொருளை நிறுவனங்கள் இப்போதே வைக்க வேண்டும், அழித்ததற்கான பதிவை வாடிக்கையாளரிடம் காட்டவும் வேண்டும்.