சந்தா வேறு, தேர்தல் காசு வேறு

தேர்தல் வந்தால் நல்லதண்ணிச் சந்தியில் கொடி பறக்கும், வேன் ஓடும், மேடை ஏறும். இதற்கெல்லாம் காசு ஏது என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சங்கம் பார்த்துக்கொள்கிறது என்று விட்டுவிடுகிறோம். மலையகத் தோட்டங்களில் பெரிய சங்கங்கள் பல தேர்தல் கேட்கின்றன. சந்தா வாங்குபவரும் வாக்குக் கேட்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1948இல் இலங்கை அரசு மலையகத்து நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்கும் போனது. நாடற்றவர்களுக்குச் சங்கத்தை விட்டால் நாதி இல்லை. 2003 வரை நீண்ட குடியுரிமைப் போராட்டத்துக்குச் சந்தாக் காசு செலவானது என்றால் அது வீண் போகவில்லை. அதை நான் நன்றியோடுதான் சொல்வேன்.

ஆனால் பழைய சம்பளத் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கோயில் காசு, சங்கச் சந்தா என்று வரிசையாகப் பிடித்திருப்பார்கள். கொழுந்து எடுக்கும் அக்கா சங்கத்தில் சேர்ந்தபோது ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தார். அதன் பிறகு அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது. தோட்டக் கம்பனிகள் சங்கங்களுடனான கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சந்தா பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. தொழிலாளர் நலனுக்காக அவர்கள் அதைச் செய்ததாக நான் நம்பவில்லை. சங்கத்தின் கையை முறிப்பதற்கு அது ஒரு வழி. ஆனாலும் ஒரு நல்லது நடந்தது. தலைவர் லயத்துக்கு வந்து காம்பரா வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

“சந்தா குடுங்கக்கா.”

“இத்தன வருசம் குடுத்தது என்னாச்சு தலைவரே?”

இந்தக் கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சட்டமும் அந்த அக்காவின் பக்கம்தான். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம், அரசியலுக்குச் செலவழிப்பதென்றால் அதற்குத் தனி நிதி வேண்டும் என்கிறது. அந்த நிதிக்குக் காசு கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் வற்புறுத்தக் கூடாது. கொடுக்காதவரை ஒதுக்கவும் கூடாது. இது தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படிப் பணத்தைப் பிரித்து வைப்பது வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் 1954 முதல் எந்த வேட்பாளருக்கும் பணம் கொடுக்கக் கூடாது. அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர் தன் சொந்தக் காசைக் கொடுக்கலாம். 200 டொலருக்கு மேல் போனால் அவர் பெயரும் வேலை செய்யும் இடமும் பகிரங்கப் பதிவில் ஏறும். நிறுவனத்தின் பணம் வேறு, அதில் வேலை செய்பவரின் பணம் வேறு என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

இங்கும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் வந்துவிட்டது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் வரவு செலவைக் காட்ட வேண்டும், நன்கொடை உட்பட. மலையில் கொழுந்துக்கூடை சுமந்தவரின் காசு அந்தக் கணக்கில் சங்கத்தின் பெயரில் வருமா, தலைவரின் பெயரில் வருமா? கூடை சுமந்தவரின் பெயரில் வராது என்பது மட்டும் நிச்சயம்.

எந்தச் சங்கத்தையும் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. சங்கம் இல்லாத தோட்டம் துரைக்கு மட்டும்தான் நல்லது. சந்தாவுக்கு ஒரு பற்றுச்சீட்டு, தேர்தல் நிதிக்கு இன்னொரு பற்றுச்சீட்டு எழுதுங்கள் என்றுதான் சங்கத் தலைவர்களைக் கேட்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பிரட்டுக்களத்தில் இரண்டு கணக்கையும் தமிழில் வாசியுங்கள். அக்காமாரே, பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.