ஒரு சிறுமியின் வேண்டுதல்

2020-ஆம் ஆண்டுக் கோடையில் உலகம் முழுவதும் இறைவனிடம் வைத்த வேண்டுதல் ஒன்றே. நோய் நீங்க வேண்டும். ஊரடங்கு விலக வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், அவ்வாண்டு மார்ச் 27-ஆம் நாள் மாலையில், மழையில் நனைந்து ஆளரவமற்றுக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் நின்று உலகிற்கு ஆசி வழங்கியதும் இதே வேண்டுதலோடுதான். ஆனால் நம் பங்கைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வேறு விதமாக வேண்டினாள். “இயேசப்பா, கொரோனா போகட்டும். ஆனா ஊரடங்கு மட்டும் போக வேண்டாம்” என்று இரவுக் குடும்பச் செபத்தின் முடிவில் நாள்தோறும் அவள் சொல்லி வந்தாள்.

அவளுடைய தாய் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நாம் சிரித்துவிட்டோம். “சிரிக்காதீங்க சாமி. அவுக அப்பா வீட்ல இருக்காகல்ல, அதான்” என்றார் அத்தாய். அதற்குப் பின் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்குடும்பத்தாரின் இசைவோடுதான் இதனை எழுதுகிறோம். எனினும் பெயரும் ஊரும் வேண்டாம். கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தந்தைக்கு ஒரு காலத்தில் சிறு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வீசிய கஜா புயல், ஒரே ஒரு மரத்தைத் தவிர ஏனைய அனைத்தையும் சாய்த்துப் போட்டது. தென்னை என்பது ஓராண்டில் வைத்து மறு ஆண்டில் அறுக்கும் பயிரன்று. பிள்ளையை வளர்ப்பது போல் ஆண்டுக்கணக்கில் வளர்க்க வேண்டும். அதுவரை வயிறு காத்திருக்குமா? எனவே அவர் கொத்து வேலைக்குப் புதுக்கோட்டை நகருக்குச் செல்லலானார். பிள்ளைகள் விழிக்குமுன் பேருந்து ஏறுவார். மாலையில் கூலி கைக்கு வரும்; வழியில் மதுக்கடை நிற்கும். பிள்ளைகள் உறங்கிய பின்னரே வீடு திரும்புவார். விழித்துக்கொண்டிருந்த நாள்களில் அவர்கள் கேட்டது தாயின் அழுகையை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை நாம் கோவிலில் கண்டதில்லை.

2020 மார்ச் 24 மாலையில் ஊரடங்கு தொடங்கிற்று. மதுக்கடைகளும் மூடப்பட்டன. முதல் வாரம் அவ்வீட்டில் அமைதி இல்லை. அவருக்குக் கை நடுங்கிற்று, உறக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் சினம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது மருத்துவர் கூற்று. இந்நிலையில் மருத்துவரை நாடுவது வெட்கத்திற்குரியதன்று, கடமையாகும். மதுவுக்கு மாற்றுத் தேடியவர்களுக்கு நேர்ந்ததையும் நம் மாவட்டம் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் கோட்டைப்பட்டினத்தில், முகம் மழித்தபின் தடவும் திரவத்தைக் குடித்து மூவர் மாண்டனர். நம் கதைக்குரியவரை அவருடைய மனைவி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பெற்ற மருந்து அவரைத் தாங்கிற்று.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. கோவில் பூட்டியிருந்தது. பவனி இல்லை. “நமக்குக் குருத்தோலை கிடையாதாப்பா?” என்று சிறுமி கேட்டாள். புயலுக்குத் தப்பிய அந்த ஒற்றைத் தென்னையில் தந்தை ஏறினார். குருத்தை வெட்டி வந்து சிலுவை பின்னி வாசல் நிலையில் செருகினார். அன்றிரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடங்கள் விளக்கேற்றுமாறு நாட்டு மக்களைப் பிரதமர் கேட்டிருந்தார் அல்லவா? அவ்வீட்டாரும் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றித் திண்ணையில் அமர்ந்தனர். தன் வாழ்வில் முதன்முறையாகச் சிறுமி, தந்தையின் மடியில் அமர்ந்தபடி இரவு ஒன்பது மணியைக் கண்டாள்.

மீந்த ஓலையில் காற்றாடி பிறந்தது, கிளி பிறந்தது, கைக்கடிகாரமும் ஊதலும் பிறந்தன. மூத்தவனாகிய எட்டு வயதுப் பையனுக்கு ஆடுபுலி ஆட்டம் கற்பித்தார். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து இளையவளுக்கு நூறு வரை எண்ணக் கற்பித்தார். பலாப்பழம் வாங்க வியாபாரிகள் வரவில்லை. விலை போகாத பழத்தை வீட்டார் உண்டனர். கொட்டையை அடுப்புச் சாம்பலில் சுட்டுத் தின்றனர். உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை மாதா தொலைக்காட்சியில் நால்வரும் ஒன்றாகக் கண்டனர்.

இதைக் கொண்டு ஊரடங்கை ஒரு வரமாக நாம் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டா. கூலி நின்றது. அரசு வழங்கிய ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் வந்திராவிடில் பல வீடுகளில் அடுப்பு எரிந்திராது. அடைபட்ட வீட்டுக்குள் அடியும் வசையும் பெருகிய குடும்பங்களையும் நாம் அறிவோம். இந்த வீட்டிலும் பற்றாக்குறை இருந்தது. ஆயினும் பிள்ளைகளுக்குத் தந்தை கிடைத்தார்.

சரியாக 43 நாள்கள். மே 7-ஆம் நாள் மதுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. வேலையும் சிறிது தொடங்கியிருந்தது. அன்று மாலை அவர் சென்றார். இரவு திரும்பியபோது சிறுமி விழித்துத்தான் இருந்தாள். அழவில்லை. ஓலைக் காற்றாடியைப் பாயின் அடியில் ஒளித்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை அவர் காற்றாடியைத் தேடினார். “நேத்து வந்த அப்பா பிச்சுப் போட்டுருவாரு. அதான் ஒளிச்சு வச்சேன்” என்றாளாம். தனக்கு இரண்டு தந்தையர் இருப்பதாகவே அக்குழந்தை எண்ணியிருந்தது!

மே 8-ஆம் நாள் உயர்நீதிமன்ற ஆணையால் கடைகள் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் அந்த ஆணைக்குத் தடை விதித்தபின், மே 16-ஆம் நாள் திரும்பவும் திறக்கப்பட்டன. அந்த மாலை அவர் வீட்டிலேயே இருந்தார். நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “இன்னைக்குப் போகல சாமி” என்று மட்டும் கூறினார். அதன்பின் அவர் ஒருபோதும் குடிக்கவில்லை என எழுதினால் நாம் பொய்யுரைத்தவராவோம். விழுந்தார், எழுந்தார், மருத்துவரிடம் மீண்டும் சென்றார். ஆனால் ஒன்றை விடாமல் காத்தார். விளக்கு வைத்தபின் அவர் வீட்டிற்கு வெளியே இருப்பதில்லை.

அக்கோடையின் பயன் பின்னர் விளங்கிற்று. 2020 சூனில் முதல் வகுப்பில் சேர வேண்டிய அச்சிறுமி, 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் வகுப்பறையில் அமர்ந்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு! அவளை ஒத்த பிள்ளைகள் பலர் எண்ணவும் எழுதவும் திணறியபோது, அவள் நூறு வரை தயங்காமல் சொன்னாளாம். புளியங்கொட்டையே அவளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மதுவின் தீமை பற்றி ஆண்டுதோறும் பீடத்திலிருந்து முழங்கினோம். முழங்கியபோதெல்லாம் நம்முன் அமர்ந்திருந்தவர்கள் குடியாதவர்களும் குடிப்பவர்களின் மனைவியருமே. கேட்க வேண்டியவரோ வீட்டில் படுத்திருந்தார். அவருடைய திண்ணைக்குச் சென்று அமர நமக்கு நேரம் இருந்ததில்லை. கோவில் பூட்டப்பட்டு, தொலைபேசியில் வீடு வீடாக நலம் விசாரித்தபோதுதான் அவர் குரலையே நாம் முதன்முதலாகக் கேட்டோம். இக்குறையை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

அன்புள்ள தந்தையரே, மற்றுமொரு கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகளை எந்த ஊருக்கு அழைத்துச் செல்வது, என்ன வாங்கிக் கொடுப்பது என்று கவலைப்படுகிறீர்கள். அச்சிறுமி இன்று பத்து வயதைக் கடந்துவிட்டாள். ஊரடங்கில் என்ன நினைவிருக்கிறது என்று அண்மையில் கேட்டோம். பசியையோ நோய் அச்சத்தையோ அவள் சொல்லவில்லை. “அப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்ல இருந்தாக சாமி” என்றாள்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை இன்றிரவு எதை வேண்டிக்கொண்டு உறங்குகிறது என்பதை அதன் அருகே அமர்ந்து கேட்டுப் பாருங்கள். அவ்வேண்டுதலை நிறைவேற்றுவது ஒருவேளை உங்கள் கையிலேயே இருக்கலாம்.