கதையைக் கதை என்று சொல்!

மந்திரக்கோலை அசைத்தால் மாளிகை எழும். மாயக் கம்பளத்தில் அமர்ந்தால் மலை கடக்கலாம். எந்திர மனிதன் காதல் செய்வான். வேற்றுக் கோளிலிருந்து விருந்தாளி வருவான்! இத்தகைய கதைகளைப் பாகம் பாகமாக வாங்கிப் படித்து, எந்தப் பாகம் சிறந்தது, எந்த வீரன் மாண்டது தகாது, முடிவு முறையா முரணா என்று வழக்காடும் இளைஞர் கூட்டம் இன்று சேலத்திலும் உண்டு, இராசிபுரத்திலும் உண்டு, நாமக்கல் தேநீர்க் கடைகளிலும் உண்டு. நம் இயக்கத்து முதியவர் சிலர் அதைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். "புராணப் புளுகை விரட்டப் பாடுபட்டோம், புதுப் புளுகு புத்தகப்பையில் வந்து உட்கார்ந்து கொண்டதே!" என்று பெருமூச்செறிகின்றனர்.

அவர்கள் கவலையை நான் ஏளனம் செய்யேன். ஆனால் அம்பு தவறான இலக்கை நோக்கிப் பாய்கிறது. நமக்குப் பகை கற்பனையா? கற்பனை பகை என்றால் கொல்லிமலையை முதலில் நாடு கடத்த வேண்டும்! அம்மலையின் பாவையைப் பூதம் ஆக்கியது என்று சங்கப் பாடல் பேசுகிறது. சிரித்தே கொல்லும் பாவை அது என்று மலையடிவாரத்து மக்கள் பேசுகின்றனர். அதே மலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். வன்பரணர் பாடினார், நாம் மகிழ்ந்தோம். அந்த அம்புக்கு எவரேனும் தேங்காய் உடைக்கச் சொன்னாரா? அம்பை நம்பாதவன் நரகம் புகுவான் என்று எவரேனும் மிரட்டினாரா? ஓரியின் வீரத்தைப் புகழ்ந்த ஒரு வாய் மிகையாகப் புகழ்ந்தது, அவ்வளவே. கேட்டவனுக்கும் அது தெரியும், சொன்னவனுக்கும் தெரியும்.

சொல்பவன், கேட்பவன் இருவருக்கும் தெரிந்த பொய்க்குக் கதை என்று பெயர். சொல்பவனுக்கு மட்டும் தெரிந்த பொய்க்குப் பெயர் புரட்டு! புராணத்தின் மீது நாம் தொடுத்த போர் இந்த இரண்டாவதன் மீதுதான். பத்துத் தலை இருப்பதாகச் சொன்னது குற்றமன்று. அதை நம்பு என்றதும், நம்பிக் காணிக்கை கொடு என்றதும், காணிக்கை வாங்கும் உரிமை பிறப்பால் ஒரு சிலருக்கே என்றதுமே குற்றம்.

இந்த அளவுகோலை எதிரியிடம் நீட்டும் முன் நம் வீட்டிலேயே அளந்து பார்ப்போம். சீவக சிந்தாமணியில் ஒரு மயிற்பொறி வருகிறது. கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடிழக்கும் சச்சந்தன், கருவுற்ற அரசி விசயையை அதிலேற்றி வானில் அனுப்புகிறான். ஒருபுறம் திருகினால் எழும். மறுபுறம் திருகினால் இறங்கும். அது போய் இறங்குமிடம் சுடுகாடு. அங்கே பிறக்கிறான் சீவகன். எத்துணை அழகிய எந்திரக் கற்பனை! புறநானூற்றிலும் பாகன் இன்றியே வானில் செல்லும் ஊர்தி பேசப்படுகிறது. புலவர் பாடும் புகழ் பெற்றவர் மறுமையில் அதை எய்துவர் என்பது பாட்டின் பொருள். இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, "அன்றே தமிழன் விமானம் ஓட்டினான்!" என்று மேடையில் முழங்குவோர் நம் பக்கத்திலும் இருக்கின்றனர். கைதட்டலும் வாங்குகின்றனர். தோழர்களே, அந்தக் கைதட்டலில் என் கை சேராது. திருத்தக்கதேவர் பெரும்புலவர், அவரைப் பொறியாளராக்கி இழிவுபடுத்த வேண்டா!

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். அந்தப் பக்கம் நடப்பதைப் பாருங்கள். 2015ஆம் ஆண்டு சனவரியில் மும்பையில் இந்திய அறிவியல் மாநாடு கூடிற்று. அறிஞர் கூடும் அவையிலே, வேதகாலத்திலேயே விமானங்கள் கோள் விட்டுக் கோள் பறந்தன என்று ஒரு கட்டுரை படிக்கப்பட்டது! சான்று என்ன? 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூல். பரத்துவாச முனிவர் அருளியதாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 1974லேயே இந்நூலை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டனர். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதில் வரைந்து காட்டியுள்ள ஊர்திகள் பறக்கத் தகுதியற்றவை என்பது அவர்கள் முடிவு. நாற்பதாண்டுக்கு முன் விழுந்த விமானத்தை மும்பையில் மீண்டும் ஏற்றினர்! அதோடு நின்றதா? 2019ல் சலந்தரில் கூடிய அதே மாநாட்டில், ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தரே எழுந்து, கௌரவர் நூற்றுவரும் சோதனைக் குழாயில் பிறந்தவர்கள் என்றும், இராவணனிடம் இருபத்து நான்கு வகை விமானங்கள் இருந்தன என்றும் பேசினார். அக்கட்டுரைகளைக் கதைப் புத்தகமாக அச்சிட்டு, மேலட்டையில் வண்ணப்படம் போட்டு விற்றிருந்தால் நானே ஒரு படி வாங்கியிருப்பேன். அறிவியல் மாநாட்டின் முத்திரையல்லவா குத்தினார்கள்!

ஆதலால், தொடர்கதை படிக்கும் தம்பியே தங்கையே, உங்களை நான் தடுக்கவில்லை. படியுங்கள். உங்கள் வாதத்தில் எனக்குள்ள குறை வேறு. வீரன் வென்றானா, வேகம் இருக்கிறதா, திருப்பம் எதிர்பாராததா என்பதோடு நின்றுவிடுகிறீர்கள். அந்தக் கற்பனை நாட்டில் உழுபவன் யார், உண்பவன் யார், மலம் அள்ளுபவன் யார் என்று கேட்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு. அமீஷ் என்பார் 2010 முதல் 2013 வரை சிவனை நாயகனாக்கி மூன்று பாகங்கள் எழுதினார், இலட்சக்கணக்கில் விற்றன. சிவன் கடவுளல்லன், திபெத்திலிருந்து வந்த மனிதன் என்பது கதையின் அடிப்படை. "அடடா, நம் கொள்கையல்லவா இது!" என்று மகிழ்ந்து உள்ளே போனேன். மெலூஹா என்னும் இலட்சிய நாடு. அங்கே பிறக்கும் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, ஒரே இடத்தில் வளர்த்து, தேர்வு வைத்துத் தகுதி காண்கின்றனர். பிறப்பை ஒழித்துவிட்டார், பேஷ் என்று பக்கத்தைப் புரட்டினால், தேர்வு முடிந்ததும் பிள்ளைகளைப் போடுவதற்கு நான்கு பெட்டிகள் காத்திருக்கின்றன: பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர்! முற்பிறவிப் பாவம் சுமந்தோர் எனத் தீண்டாது ஒதுக்கப்பட்ட மக்களும் அந்நாட்டில் உண்டு. அச்சட்டத்தை நாயகன் உடைக்கிறான் என்பதை மறைக்க மாட்டேன். ஆசிரியருக்கு அந்தப் பெருமை உரியது. ஆனால் நான்கு பெட்டிகள் நான்காகவே நிற்கின்றன. நினைத்த நாட்டை நினைத்தபடி படைக்கும் உரிமை கையிலிருந்தும், வருணத்தைத் தாண்டி ஒரு நாட்டை நினைக்க அக்கற்பனைக்குக் கால் வரவில்லையே!

கால் வந்த கற்பனை ஒன்றும் நம்மிடம் உண்டு. சேலத்துக்கு அண்டை ஊரான ஈரோட்டுக்காரர் எழுதியது. பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் சிறுநூலாக வெளிவந்தது. கம்பியில்லாப் பேச்சுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கும், ஒருவர் உருவத்தை ஒருவர் கண்டு பேசுவர், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பெறலாம் என்றார். அவை நடந்துவிட்டதைக் காட்டி அவரைத் தீர்க்கதரிசி ஆக்குவோர் பலர். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. முனிவருக்கு முக்காலமும் தெரியும் என்ற பழைய பாட்டுக்கு அது புதிய மெட்டு. அந்நூலின் உயிர் கருவிகளில் இல்லை. அரசனும் இல்லை, அடிமையும் இல்லை. உழைக்கும் நேரம் குறைவு, ஓய்வு நேரம் மிகுதி. பெண் எவருக்கும் உடைமையல்லள் என்ற உலகத்தை அவர் மனத்தில் கட்டிப் பார்த்தார். அவர் சொன்னதில் சட்டைப்பைக்கு வந்தது வந்துவிட்டது. சமுதாயத்துக்கு வர வேண்டியது வந்ததா?

திரையும் இதைச் செய்யாமலில்லை. ஏற்காடு மலையடியில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் இன்று நிற்கிறது. அந்தக் கொட்டகையில்தான் குண்டலகேசியின் கதை 1950ல் 'மந்திரி குமாரி' ஆயிற்று. கலைஞரின் வசனம் ராஜகுருவைக் கூண்டிலேற்றிற்று. 1956ல் அலிபாபாவின் குகையும் அங்கேதான் வண்ணத்தில் திறந்தது. இடையே 1952ல் அமெரிக்கரோடு கூடி எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி ஆதிகால விலங்காக்கினார்கள். சேலத்து வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை எண்ணினால் இன்றும் இரக்கம் பிறக்கிறது!

இனி, படித்தவர் கருத்துச் சொல்லும் முறையைப் பற்றி. 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இதே சேலத்தில் ஒரு சொற்போர் நடந்தது. பொருள்: கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்கலாமா, கூடாதா? எரிக்க வேண்டும் என்றவர் அண்ணா. கூடாது என்றவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். பாரதியார் பழமைப் பஞ்சாங்கமல்லர். இந்தி எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர். தசரதனின் குறையையும் கைகேயியின் நிறையையும் எடுத்துக்காட்டித் தனிநூலே எழுதியவர். முந்திய மாதம் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவோடு எதிர்வாதம் செய்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை. இரு தரப்பும் மேடையேறின. இரு தரப்புக்கும் மக்கள் செவி கொடுத்தனர். அண்ணாவின் அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் இன்றும் நூலாகக் கிடைக்கின்றன.

"நூலை எரிக்கச் சொன்னவர்கள் நீங்கள், உங்களுக்கு எழுத்துரிமை பேச என்ன யோக்கியதை?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லாமல் ஓட மாட்டேன். தீ பரவியதால் கம்பன் மாயவில்லை; மாயவும் கூடாது. பரவியது அந்த வாதம். எரிக்கக் கூடாது என்பவரை எதிரே உட்கார வைத்து, அவர் வாயாலேயே மறுப்பைக் கேட்ட துணிவுதான் அன்றைய வெற்றி. இயக்கத்தின் வரலாற்றில் எனக்கு அந்த மேடை வேண்டும், தீக்குச்சி வேண்டா. இது என் கருத்து, மாறுபடும் தோழர்கள் மாறுபடட்டும்.

அதே சமவெளியில், எழுபத்தோராண்டு கழித்து நடந்தது என்ன? பெருமாள்முருகன் 2010ல் எழுதிய 'மாதொருபாகன்' 2014 திசம்பரில் திருச்செங்கோட்டில் கொளுத்தப்பட்டது. சில பக்கங்களின் நகல்கள் மட்டும் கை மாறின. சாதி அமைப்புகளும் மத அமைப்புகளும் திரண்டன. 2015 சனவரியில் ஊர் கடையடைத்தது. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று எழுத்தாளரே அறிவித்தார். எதிரே உட்கார வைத்து வாதிட்டவர் எவர்? சென்னை உயர்நீதிமன்றம் 2016 சூலை 5ஆம் நாள் எழுத்தின் பக்கம் நின்றது. அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டும் எழுதி வெளியிட்ட நாவல் எது? 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. நெடிய உருவம் ஒன்று ஒரு கிழவனிடம் கொடுத்துப் போகும் கறுப்புக் குட்டி. ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் அதிசயம். ஒவ்வோர் ஆட்டுக்கும் காது குத்திக் கணக்கெடுத்துக் கண்காணிக்கும் ஓர் அரசு! கொங்கு மண்ணின் மனிதரை உள்ளது உள்ளபடி எழுதியவர், மனிதரை விட்டு ஆட்டினிடம் போனார். மாயக்கதை சிலருக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு அது ஒளியுமிடம்.

அந்த ஆட்டின் கதையைப் படித்துக் கருத்துச் சொல்லும் ஒரு கூட்டத்தைத் திருச்செங்கோட்டிலேயே கூட்டுங்கள் என்று நம் மன்றத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மெலூஹாவையும் மேசையில் வையுங்கள். 'இனிவரும் உலக'த்தையும் வையுங்கள். மந்திரப் பள்ளிப் பையன் கதையையும் விரும்பினால் கொண்டு வாருங்கள். 2015ல் கடையடைக்கச் சொன்ன நண்பர்களுக்கு முதல் அழைப்பு போகட்டும். நாவல் முழுவதையும் படித்துவிட்டு வர வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும். வந்தவருக்கு முதலில் பேச நேரம் கொடுங்கள், மறுமொழி பிறகு.